ரசமட்டம் அக்கா

அக்காவின் வலது கன்னம் கண்ணாடிப் பலகையில் அழுந்தியிருக்கிறது. இடது கண் மூடியிருக்கிறது. திறந்த கண்ணுக்கு நேரே ஒரு ஜோடி ஷூ. ஷூவின் குதிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறார். கசியவில்லை. கண்ணை நம்பாமல் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, குதியின் நாலா பக்கமும் நுழைக்கப் பார்க்கிறார். நுழையவில்லை. அப்புறம் இரண்டு ஷூக்களையும் முதுகோடு முதுகு சேர்த்து, குதிகளின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டுகிறார். நகம் எங்கும் தட்டவில்லை.

"வந்துருச்சு!"

எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடி மிதிக்கிறார். இது ஒரு நாளைக்கு இருபது முறை நடக்கிறது. இருபதாவது சத்தம் முதல் சத்தத்துக்கு ஒரு மாற்றும் குறைவதில்லை. குழந்தை பிறந்த வீட்டில்கூட இவ்வளவு உற்சாகமாகச் சேதி சொல்லமாட்டார்கள்.

'ரசமட்டம்' என்ற பெயரை வைத்தவரும் அந்தத் தையல்காரர்தான். "கொத்தனாருக்கு மட்டம் பாக்குற ரசமட்டம் பையில இருக்கும். இந்த அக்காவுக்கு ரத்தத்துலயே இருக்கு" என்பார். சொந்தப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை. கரண்ட் பில்காரர்கூட "ரசமட்டம் வீடு" என்றுதான் விசாரித்துக்கொண்டு வருகிறார்.

ஷூ பழுதுபார்க்கும் அந்தக் கடை ஒரு ரயில் பெட்டியை நீளவாக்கில் பாதியாக வெட்டியது போலிருக்கும். முன்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டுவது கணவர் வேலை. பின்பக்கம் நின்று தேய்ப்பது அக்காவின் வேலை. "நான் சேர்க்கிறவன், அவ குறைக்கிறவ" என்று குடும்ப வரலாற்றை அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார்.

பின்பக்கச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது அந்த மெஷின். இடுப்பு உயரத்தில் ஒரு நீண்ட இரும்புத் தண்டு, அதில் வரிசையாக உருளைகள். முதல் உருளையில் கற்கண்டு போல் சொரசொரவென்ற உப்புத்தாள். அடுத்ததில் நைசான தாள். அதற்கடுத்து மயிர்ப் பிரஷ், கடைசியில் துணி. கீழே, உதிரும் தூளையெல்லாம் உறிஞ்சி வாங்க ஒரு தொந்திப் பை. "முதல் உருளை திட்டும். ரெண்டாவது சமாதானம் பேசும். மூணாவது கொஞ்சும். நாலாவது இருக்கு பாருங்க, அது நகை போட்டு அனுப்பும்" என்று அக்கா அறிமுகப்படுத்துவார். மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மோட்டார் நின்ற பிறகும் அதே சத்தத்தில்தான் பேசுவார். அவரோடு ரகசியம் பேசினால் தெருமுனை வரை போய்ச் சேரும்.

ரகசியத்துக்கு வேறு வழியும் இல்லை. இத்தனை வருடத்தில் விரல் ரேகைகளும் உருளையில் போய்விட்டன. அவருடைய போன் அவருடைய விரலை ஏற்பதில்லை; கணவர் விரலுக்குத்தான் திறக்கும். "என் போனத் திறக்க நான் மனு போடணும்!" என்று சிரிப்பார்.

தேய்க்கும்போது குதியைப் பார்க்கமாட்டார். சத்தத்தைத்தான் கேட்பார். தோல் உருளையில் பட்டதும் மோட்டாரின் சுருதி ஒரு படி இறங்கும். எவ்வளவு இறங்கியது, எத்தனை நேரம் என்பதிலேயே எவ்வளவு தேய்ந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாலு எண்ணுவதற்குள் கையை நகர்த்தாவிட்டால் தோல் கருகும். கருகியதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும், திருஷ்டி பட்டுவிடும் என்று.

வீட்டுக்குப் போனாலும் கை வேலையை விட்டுவிடுவதில்லை. சாப்பாட்டு மேஜை ஒரு நாள் லேசாக ஆடியது. ஒரு காலைத் தேய்த்தார். எதிர்க்கால் நீண்டு தெரிந்தது. அதைத் தேய்த்தார். இன்று அந்த மேஜையில் சாப்பிட நாற்காலி வேண்டாம், தரையில் சம்மணம் போட்டாலே எட்டுகிறது. கணவரின் மீசைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கதி. "இடது பக்கம் கொஞ்சம் கூட இருக்குன்னு ஆரம்பிச்சா. அரை மணி நேரத்துல எங்கப்பா சாயல் போயி எங்கம்மா சாயல் வந்துருச்சு" என்கிறார் அவர். சமத்துவத்துக்காக மேடையேறி முழங்குபவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். உயர்ந்ததைப் பிடித்துத் தேய்த்து, குட்டையோடு சேர்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன் என்று நிற்பவர் இவர் ஒருவர்தான்.

அந்தக் கைக்கு ஒரு சோதனை வந்தது. போன மாதம், ஒரு சனிக்கிழமை.

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் காலையில் ஒரு ஜோடி ஷூவை விட்டுப் போயிருந்தார். கறுப்புத் தோல், வழுக்கும் தோல் அடி, ஆட்டத்துக்கென்றே செய்தது. அறுபது தாண்டிய தம்பதிகளுக்கான ஜோடி நடனப் போட்டி. அன்று மாலை ஆறு மணிக்கு இறுதிச் சுற்று. அவரும் மனைவியும் பதினான்கு மாதமாகப் பயிற்சி செய்கிறார்கள். முந்தைய இரண்டு போட்டிகளில் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், இந்தத் தடவை கடைசி நாலு ஜோடிக்குள் வந்துவிட்டார்கள். குதியின் ஓரம் அரித்திருந்தது, அவ்வளவுதான் பழுது.

கணவர் ஷூவைப் பின்னால் கொண்டுவந்து கொடுக்கும்போது தெளிவாகவே சொன்னார். "இந்தா, வலது குதி ஒரு பென்சில் தடிமன் கூட இருக்கும். அது அப்படியேதான் இருக்கணும். பைக்குல விழுந்ததுல அவருக்கு வலது கால் குட்டை. ஓரத்த மட்டும் தேய்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா.

தெரியும்தான். ஓரத்தைத் தேய்த்தார். அழகாக வந்தது. மோட்டார் பாடியது, இவரும் கூடப் பாடினார். பாட்டு முடிந்தபோது ஷூக்கள் கண்ணாடிப் பலகையில் இருந்தன. கன்னமும் கண்ணாடியில் இருந்தது. டிக்கெட் நுழையவில்லை. நகம் தட்டவில்லை.

"வந்துருச்சு!"

கணவர் எழுந்து வந்தார். ஷூவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். திரும்பிப் போய்த் தன் முக்காலியை எடுத்துவந்து போட்டு, அதில் உட்கார்ந்தார்.

"என்னங்க, நல்லா வரலியா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. ரெண்டும் ஒரே உயரம்."

 அக்காவின் கை தானாகப் போய் மோட்டாரை அணைத்தது. கடையில் அப்படி ஒரு அமைதியைத் தையல்காரர் கேட்டதே இல்லை. என்ன ஆபத்தோ என்று அவர் ஊசியோடு ஓடிவந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்ங்க. எனக்கு நல்லாத் தெரியும். இந்தக் கைக்குத்தான் தெரியல!"

"சரி, விடு. குறைஞ்சத ஒட்டிருவோம். எவ்வளவு குறைச்ச?"

"பென்சில் தடிமன்னு நீங்கதான சொன்னீங்க."

"எந்தப் பென்சில்?"

இருவரும் தூசிப் பையைப் பார்த்தார்கள். அந்த உயரம் அதற்குள்தான் இருந்தது, அன்றைக்குத் தேய்த்த மற்ற முப்பது குதிகளோடு மாவாகக் கலந்து. ஷூவைச் செய்தவரைக் கேட்கலாம் என்றால் அவர் கடையை மூடிவிட்டு வெளிநாட்டில் மகளோடு போய் இருக்கிறார். மணி நாலாகப் பத்து நிமிடம்.

மழுப்ப அக்காவுக்கு வராது. கணவரின் விரலைப் பிடித்துப் போனில் வைத்துத் திறந்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "அண்ணே, உங்க ரெண்டு காலையும் நான் சமமாக்கிட்டேன்ணே. உடனே வாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

கால் மணி நேரத்தில் வந்தார்கள். மெக்கானிக் சாதாரணச் செருப்பில் விந்தி விந்தி. மனைவி ஜிகினா வைத்த நீல உடையில், தலையில் பாதி மட்டும் சீவிக் கொண்டை போட்டு, ஈரம் காயாத மீதி பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு.

மெக்கானிக் விஷயம் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "எட்டு டாக்டருங்க பார்த்தாங்கம்மா. ஒருத்தராலும் முடியல. நீ ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டியே!"

"சிரிக்காதீங்க" என்றார் மனைவி. "போட்டுக்கிட்டு ஒரு சுத்து சுத்துங்க, பாக்கலாம்."

போட்டுக்கொண்டார். இரண்டு எட்டு வைத்தவரை நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதில் திரும்பியபோது வலது பக்கமாகச் சரிந்து, மனைவியின் காலை மிதித்து, தையல்காரரின் தோளைப் பிடித்து நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது. "தெருவுல நொண்டுறதப் பத்திக் கவலை இல்லம்மா. அது பழகிப்போச்சு. ஆனா அங்க ஒரு மூணு நிமிஷம் நான் நொண்டமாட்டேன். அதுக்காகத்தான் இந்தப் பதினாலு மாசமும்" என்று மெதுவாகச் சொன்னார்.

அக்கா அழவில்லை. தோல் துண்டுகள் கிடக்கும் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். "அண்ணே, நேரா நில்லுங்க. குதிக்கு அடியில ஒவ்வொண்ணா வைக்கிறேன். சரியா வந்ததும் சொல்லுங்க."

ஒரு துண்டு வைத்தார். "போதும்" என்றார் மெக்கானிக்.

"அவரக் கேக்காத" என்று மனைவி குறுக்கே வந்தார். "அவர் சாப்பாட்டுக்கும் போதும்பாரு, சம்பளத்துக்கும் போதும்பாரு. என்னைக் கேளு." பாதிக் கொண்டையை அப்படியே அவிழவிட்டு, கணவரின் எதிரே வந்து, ஆட்டத்துக்கு நிற்பது போல் ஒரு கையை அவர் கையில் கொடுத்து, இன்னொரு கையை அவர் தோளில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "பதினாலு மாசமா என் கை இந்தத் தோள்லதான் இருக்கு. எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். வை."

அக்கா தரையில் குப்புறப் படுத்தார். இரண்டாவது துண்டு.

"இன்னும்."

மூன்றாவது.

"இன்னும் கொஞ்சம்..."

நான்காவது.

"ஐயோ, கூடிருச்சு! எடு, எடு!"

"இதவிட மெல்லிசுத் தோல் இல்லியே, அண்ணி!" அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்த பஸ் டிக்கெட்டை உருவி, நாலாக மடித்து, மூன்றாவது துண்டுக்கு மேல் வைத்தார்.

மனைவியின் மூடிய கண்களுக்குக் கீழே முகம் முழுக்க மாறியது. "அங்கதான்! அங்கயே நில்லு! யாரும் மூச்சு விடாதீங்க!"

"வந்துருச்சா?"

"வந்துருச்சு!"

இந்தத் தடவை அந்தச் சத்தம் போட்டவர் மெக்கானிக்கின் மனைவி. தையல்காரர் கைதட்டினார். எதற்கென்று தெரியாமல் தெருவில் போனவர்களும் நின்று தட்டினார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம். மூன்று துண்டு, ஒரு டிக்கெட். கணவர் அதே வரிசையில் பசை தடவினார். "டிக்கெட்ட விட்டுறாதீங்க, அதுவும் அளவுதான்" என்று அக்கா மேலே நின்று கத்தினார். பசை காயச் சூடான காற்று அடிக்கும் கருவியைப் பிடித்தார்கள். ஒரு கையால் அதைப் பிடுங்கி மெக்கானிக்கின் மனைவி தன் ஈரத் தலையையும் அதிலேயே காயவைத்துக் கொண்டையை முடித்துக்கொண்டார். சுத்தியலால் தட்டி இறுக்கியாயிற்று. பிதுங்கிய ஓரத்தை மட்டும் உருளையில் கொடுக்க வேண்டும். கணவர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார், துப்பாக்கி பிடித்த காவலாளி மாதிரி. "ஓரம் மட்டும். நாலு எண்ணுவேன். அஞ்சாவதுக்கு மோட்டார் இருக்காது."

"எண்ணுங்க!"

எண்ணினார். நாலில் ஓரம் முடிந்தது. அடிப்பக்கம் உருளையின் வாசனையைக்கூடப் பார்க்கவில்லை.

மெக்கானிக் போட்டுக்கொண்டு எழுந்தார். மனைவியைப் பிடித்தார். அந்தக் குறுகிய கடைக்குள், முக்காலிக்கும் பசை டப்பாவுக்கும் நடுவே, மூன்று சுற்று. நீலப் பாவாடை விரிந்து ஒரு வரிசை டப்பாக்களைத் தட்டிவிட்டது. அவர் சரியவில்லை. நான்காவதும் சுற்றினார், சும்மா. நிற்க மனமில்லாமல் ஐந்தாவதும்.

"கழட்டுங்கண்ணே" என்றார் அக்கா. "புது ஓரத்துக்குக் கறுப்பு மை பூசணும். பத்து நிமிஷம் காயணும். அதுக்குள்ள யாரும் தொடக்கூடாது."

மை பூசி ஷூக்களை மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கணவர் சுவிட்சை அணைத்ததோடு நிற்காமல், மெஷினின் பிளக்கைப் பிடுங்கித் தன் பக்கம் இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். மெக்கானிக்கும் மனைவியும் வாசலில் நின்று, காலை எண்ணி எண்ணி, இசை இல்லாமலே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அந்த ஜோடிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். இடது குதி குட்டை. வலது குதி நெட்டை. மினுமினுவென்று, எட்டும் தூரத்தில். இரண்டு நிமிடம் பார்த்தார். மூன்றாவது நிமிடம் வலது கை மேஜையின் விளிம்பு வரை வந்துவிட்டது. அதை இடது கையால் மணிக்கட்டில் பிடித்து இழுத்து, தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.