தம்பி பாட்டிலைத் தொடாத மூன்று நாள்

என் தம்பி பால் பாட்டிலை ஏறெடுத்தும் பார்க்கமாட்டேன் என்று மூன்று நாள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்போது அவனுக்கு ஐந்தே மாதம். அதற்குள் அவ்வளவு அழுத்தம்.

அம்மா ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த வாரம் அது. பிச்சாட்டூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். பொழுது சாயும்போதுதான் திரும்பக் கொண்டுவந்து விடும். டிரெய்னிங் முடிகிறவரை ஒரு நாள் மட்டம் போட்டாலும் வேலை போய்விடும். நைனா மெட்ராஸில் சென்ட்ரிங் வேலை செய்தார். அவர் வந்து காசு கொடுத்தால் உண்டு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் அம்மா போயே ஆகவேண்டும்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள நைனாவின் அக்கா வந்திருந்தாள். அத்தை பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவளுக்கு ஒத்தாசையாக, நாலாவது படித்துக்கொண்டிருந்த என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம், முதல் நாள் காலை பத்து மணி வரைக்கும்.

அத்தை ரப்பர் காம்பை வாயில் திணிப்பாள், தம்பி துப்புவான். அவள் மூக்கைப் பிடிப்பாள், அவன் வீடு அதிரக் கத்துவான். சங்கில் புகட்டினால் பாதி புரையேறியது. இப்படியே இரண்டு நாள் சாயங்காலம்வரை தாக்குப்பிடித்து, அம்மா வந்ததும் விடிய விடிய அவளை விடாமல் குடித்துத் தீர்த்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அழுகை நின்றுபோனது. அத்தை அவன் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. “காத்தாலருந்து ஒண்ணுக்கே போகலடி. உச்சி வேற பள்ளமாக் கீது” என்றாள்.

அம்மாவுக்கு போன் போட்டோம். கம்பெனிக்குள் போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். யாரோ ஒரு பொம்பளை தெலுங்கில் ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். “இவன மடியில வச்சிக்கினே இரு. கீழ வுட்ட, தோல உரிச்சிடுவேன்” என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஓடினாள் அத்தை.

தம்பி செத்துப்போய்விடுவான் என்றே நினைத்தேன். இந்தப் பாலில் அப்படி என்னதான் இருக்கிறதென்று நானே ஒரு வாய் சப்பிப் பார்த்தேன். சீ! நாக்கெல்லாம் கசப்பு. வாயு சேரக்கூடாதென்று அத்தை மூன்று நாளும் காம்பில் வசம்பை உரைத்துத் தடவியிருக்கிறாள், மகராசி! கழுவிவிட்டுக் கொடுத்தேன். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

கொடியில் அம்மா காலையில் கழற்றிப் போட்ட நைட்டி கிடந்தது. பெரிய பெரிய சிவப்புப் பூப் போட்டது. அதை மாட்டிக்கொண்டால் என்னை அம்மா என்று நினைத்து ஏமாந்துவிடுவான் என்று ஒரு யோசனை. தலைவழியே போட்டுக்கொண்டேன். பால் வீச்சம் குப்பென்று அடித்தது. தம்பி என் நெஞ்சில் மூக்கை வைத்துத் தேய்த்தான். இந்தப் பக்கம் முகர்ந்தான், அந்தப் பக்கம் முகர்ந்தான். அப்புறம் காம்பைக் கவ்விக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தான். பூவைப் பார்த்து ஏமாந்துவிட்டான் பயல் என்று எனக்கு ஒரே பெருமை.

அத்தை ஆட்டோவோடு வந்தபோது பாட்டில் காலி. கொஞ்ச நேரத்தில் என் மடி சூடாக நனைந்தது. “ஒண்ணுக்குப் போய்ட்டான் அத்தை!” என்று கத்தினேன். போன உயிர் வந்தது எங்களுக்கு. ஆட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

சாயங்காலம் அம்மா ரோட்டிலிருந்தே ஓடிவந்தாள். யூனிபார்மின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. நான் பெருமையில் நைட்டியைக் கழற்றவே இல்லை. “ரெண்டு பாட்டில் குடிச்சான்மா! என்னை நீன்னு நெனச்சிக்கினான்!” என்று வாசலிலேயே மறித்துச் சொன்னேன்.

அம்மா அவனை வாங்கி மார்பில் வைத்தாள். வயிறு நிறைந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டாவி விட்டான். மறுநிமிஷம் என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. “அவுருடி அத மொதல்ல!”

“இன்னாடி, பைத்தியமா உனக்கு? புள்ளையக் காப்பாத்துனவள போய் அடிக்கிற!” என்று அத்தை பாய்ந்தாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கட்டிய பாலை டம்ளரில் பீய்ச்சினாள். தாய்ப்பாலை மிதிபடுகிற இடத்தில் ஊற்றக்கூடாது. கால் படாத இடமாகப் பார்த்து ஊற்றிவரச் சொல்லி என்னிடம் நீட்டினாள். முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு அங்கேயே நின்று அழுதேன். எவ்வளவு பெரிய அநியாயம்!

நைட்டியில் ஒண்ணுக்குப் பட்டுவிட்டது, அதற்குத்தான் அடி என்று முடிவு செய்தேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்து, கல்லில் அடித்து, மூன்று தண்ணீர் அலசிக் காயப்போட்டேன்.

காலையில் கிளம்பும்போது அம்மா கொடியிலிருந்து அந்த நைட்டியை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தாள். மறுபடி கொடியிலேயே போட்டாள். உள்ளே போய், ராத்திரி முழுக்க உடுத்திப் படுத்திருந்த புடவையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அடித்த கன்னத்தை ஒரு தரம் தடவினாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

“இதையும் தொவைக்கணுமா?” என்று கேட்டேன்.