சாமி காசுக்கு ரசீது

மனு கொடுத்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்றாவது எழுத வேண்டும். துறைமுகக் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் இந்த விதியைப் பலருக்கு எடுத்துக் காட்டியிருக்கிறேன். அவர்களும் பயந்ததுபோல் தலையாட்டியிருக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பிறகு, கீழவைப்பார்ப் பக்கத்து மானாவாரி விவசாயிகளின் சங்கம் ஒன்றுக்குக் கணக்கு எழுதினேன். சங்கம் செய்தது ஒரே வேலை. பங்குனியில் ஸ்ரீவைகுண்டத்து வயல்களில் வைக்கோல் வாங்கிப் படப்புப் போட்டு, புல் கருகும் மாதங்களில் மாடு வைத்திருப்பவர்களுக்கு அடக்க விலைக்கும் குறைத்துக் கொடுக்கும். அந்தக் குறைவை ஈடுகட்டியது மகமை. மிளகாய் வற்றல் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று சாமி பெயரில் எடுத்துச் சங்கத்து உண்டியலில் போடுவார்கள். போட்டது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பல வருஷம் இப்படியே ஓடியது. கையிருப்பு என்று ஒன்று சேரவில்லை. மிஞ்சியதையெல்லாம் மாடு தின்றது.

ஒரு மாசியில் புதிய தணிக்கையாளர் வந்தார். பெயர் இல்லாத நன்கொடைக்கு வரி விழும், ரசீது போடுங்கள் என்றார். ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறினேன்.

"சாமி காசுக்கு ரசீதா? எம் பேரைப் போட்டுக் குடுத்தா அதுக்குப் பேரு மகமையா அண்ணாச்சி?" என்றார் வியாபாரிகளில் மூத்தவர். "பென்சன் வாங்கிக்கிட்டு வீட்டுல இருக்க முடியலையோ உங்களுக்கு?"

ஒருவரும் பெயர் தரவில்லை. பெயர் கட்டாயமா என்று கேட்டு வருமான வரி அலுவலகத்துக்கு மனு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை உண்டியலை எடுத்து உள்ளே வைத்தோம். பங்குனி போனது. வைக்கோல் வாங்கவில்லை.

இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்த ஒரு விதவை, வாரம் தவறாமல் சங்கத்துக்கு வந்து விசாரிப்பார்.

"எல்லா ரசீதுலயும் எம் பேரைப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கு என்ன கௌரவம் கொறையப் போவுது? வைக்கோலு வந்தாப் போதும்."

அது பொய்க் கணக்காகிவிடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மாட்டுக்கிட்டயும் ஒருவாட்டி இதச் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

பதிவுத் தபாலில் இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். ஒப்புகை அட்டைகள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன.

ஆனிக் கடைசியில் அந்த அம்மாள் வீட்டுக்கு மாட்டுத் தரகர் வண்டியோடு வந்தார். இரண்டில் சினையாக இருந்த மாடு ஏற மறுத்தது. அந்த அம்மாளே கழுத்தைத் தடவிக்கொடுத்து ஏற்றிவிட்டார். எலும்புக்கு என்ன விலையோ அதுதான் கிடைத்தது. என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பதில் நான்கே வரி. சங்கத்துக்கு வரும் சிறு தொகைகளுக்குப் பெயர் தேவையில்லை, பழையபடியே வாங்கிக்கொள்ளலாம். அது வந்து சேர்ந்தது ஆடி முதல் வெள்ளியன்று.