ஒரு சகோதரிக்காக

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நாங்கள் யாருடைய பெயரையும் சொல்ல மாட்டோம். அது எங்கள் சபைப் பெண்களின் ஒழுங்கு. "ஒரு சகோதரிக்காக ஜெபிக்கணும்" என்று தொடங்குவோம். அந்தச் சகோதரிக்கு எந்தத் தெருவில் வீடு, புருஷனுக்கு என்ன வேலை, போன ஞாயிறு என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். பெயரை மட்டும் கர்த்தரிடம் விட்டுவிடுவோம். இதை எழுதும்போது எனக்குப் புளித்த ஏப்பம் வருகிறது. பத்து வருடம் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோது வரவில்லை.

ஆஸ்டின் டவுனில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் சபை. மில் ஓடினால் தரை அதிரும். அபிஷேகம் இறங்குகிறதா, கீழே மிளகாய் அரைக்கிறார்களா என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாது. ஜெபிக்கும் முன் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு பாரம் சொல்ல வேண்டும். எனக்குப் பேச வராது. பத்தாவது வரை படித்தவள் நான். வீட்டிலேயே இருந்து புடவைக்கு ஃபால் தைக்கிறேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் முறை வந்தால் "உடம்பு சுகத்துக்காக" என்பேன். அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

"பிசாசு எட்டிக்கூடப் பாக்காத வீடு, சிஸ்டரோட வீடு" என்று பாஸ்டரம்மா ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி ஒருத்தி குடியிருக்கிறாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். தங்கவயலில் பிறந்து, ஆட்டோ ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். ஒரு பள்ளியில் ஆயா வேலை. காலையிலும் மாலையிலும் வேனிலிருந்து குழந்தைகளை இறக்குவாள், ஏற்றுவாள். குழந்தைகள் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போவதை நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். எங்கள் சபைதான், ஆனால் வெள்ளிக்கிழமை வேலை இருப்பதால் உபவாச ஜெபத்துக்கு வரமாட்டாள். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. உன்னப் பத்தியும் ஒழுங்கா எழுது" என்றாள்.

ஒருநாள், ஃபால் தைக்கக் கொடுத்திருந்த புடவையை வாங்க வந்தவள் என் தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். மூஞ்சத் திருப்பிக்காத."

"சொல்லு."

"நான் குடிக்கிறேங்க்கா."

புருஷன் வாங்கி வரும் சாராயம், ஜூஸ் மாதிரி சின்ன அட்டைப் பாக்கெட்டில் வரும். முதலில் அவன் மிச்சம் வைத்ததை, வாசனை பார்ப்பது போல ஒரு மடக்கு. பிறகு தானே வாங்க ஆரம்பித்திருக்கிறாள். "அரிசி டிரம்முக்குள்ள வெச்சிருக்கேன். அந்தாளு உலகத்துல கை விடாத ஒரே எடம் அதான்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள். "பிசாசா இருக்குமாக்கா?"

எனக்கு என்ன தெரியும்? "எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டேன்.

"ஆறு மணிக்கு. வேலைய விட்டு வந்து, தனியா இருக்கறப்ப."

"அப்போ ஆறு மணிக்கு எனக்குப் போன் பண்ணு."

அவ்வளவுதான் எங்கள் போராட்டம். ஆறு மணிக்கு அழைப்பாள். அவள் பூண்டு உரிப்பாள், நான் ஃபால் தைப்பேன். குழாயில் தண்ணீர் வந்ததா, கத்திரிக்காய் சொத்தையா, வேனில் இன்றைக்கு எந்தக் குழந்தை வாந்தி எடுத்தது, இதுதான் பேச்சு. நடுவில் ஒருவரும் பேசாமலும் இருப்போம். கால் மணி, அரை மணி போனபின் "போச்சுக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாள். நான் எழுந்து மிஷினுக்குப் பின்னால் சுவரில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். இருக்கிற ஜெபங்களிலேயே கர்த்தர் உட்கார்ந்து கேட்ட ஜெபம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது ஜெபம் என்றே தெரியாது. சத்தம் இல்லையே.

நாற்பத்தொரு கோடு ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வட்டத்தில் என் முறை வந்தது.

"உங்களுக்கு இன்னிக்கும் உடம்பு சுகம்தானே சிஸ்டர்?" என்றார் பாஸ்டரம்மா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"இல்ல. ஒரு சகோதரிக்காக..." என்றேன்.

அந்தச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு முகங்கள் என் பக்கம் திரும்பின. என் வாழ்க்கையில் அத்தனை முகங்கள் எனக்காகத் திரும்பியதில்லை.

"குடிப் பழக்கம்" என்றேன்.

"ஐயோ, பொம்பளையா?"

"பேரு வேணாம் சிஸ்டர். கர்த்தருக்குத் தெரியும்" என்ற பாஸ்டரம்மா, மூச்சு விடாமல் கேட்டார்: "சின்னப் புள்ளைங்களோட இருக்கிற வேலையா?"

தலையாட்டினேன்.

"பாவி. வீட்ல எங்க ஒளிச்சு வெக்கிறா?"

"அரிசி டிரம்ல."

எந்த ஜெபத்துக்கு அந்த அரிசி டிரம் தேவைப்பட்டது? எதற்கும் தேவைப்படவில்லை. முகங்கள் இன்னும் கிட்டே வந்தன, அதனால் கொடுத்தேன். ருசியாக இருந்தது. நாற்பத்தொரு நாளாக அவள் அதைத் தொடவில்லை என்பதை நான் சொல்லவில்லை. மறக்கவில்லை, தெரிந்தேதான் விட்டேன். அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் சப்பென்று ஆகியிருக்கும். இதை நினைத்தால் என் நாக்கையே துணியால் துடைக்க வேண்டும் போலிருக்கிறது.

பிறகு எல்லோரும் எழுந்து பிசாசைக் கட்டினோம். ஒருவர் காலால் தரையை மிதித்தார். கீழே மில்லும் ஓடியது. அன்று எல்லோரையும்விட நான்தான் சத்தமாகக் கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது. பாஸ்டரம்மா என் முதுகைத் தட்டி, எனக்கு இரண்டு பன் கொடுத்தார். தின்றேன்.

மறுநாள் மதியம் பாஸ்டரம்மாவும் மூன்று பெண்களும் ஜெப எண்ணெய்ச் சீசாவோடு அவள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். "நீங்களும் வாங்க சிஸ்டர், உங்க பாரம்தானே" என்று என்னையும் கூட்டிப் போனார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெடுப்பதற்கு வந்த வாய், தடுப்பதற்கு வரவில்லை.

அவள் கதவைத் திறந்து, "வாங்க, வாங்க" என்று பாயை விரித்தாள். பாஸ்டரம்மா உட்காரவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிசி டிரம்மைத் திறந்து முழங்கை வரை கையை விட்டார். ஒன்றும் அகப்படவில்லை. டிரம்மைச் சாய்த்தார். அரிசி தரையெல்லாம் ஓடியது. அரிசி அளக்கிற படி ஒன்றுதான் உள்ளே இருந்தது. மற்றவர்கள் அவள் தலையில் கை வைத்து அழுத்தினார்கள். எண்ணெய் அவள் நெற்றியிலிருந்து புருவம் வழியாகக் கண்ணுக்குள் இறங்கியது. அவள் கண்ணை மூடவில்லை. டிரம்மைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். டிரம் விஷயம் என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

கீழ்வீட்டு ஓனரம்மா படியேறி வந்து, "ஏனம்மா இது கலாட்டா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"ப்ரேயர்" என்றார் பாஸ்டரம்மா.

அன்று ஆறு மணிக்கு என் போன் அடிக்கவில்லை. அவள் கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் வாங்கினாள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற ஒரு சிஸ்டர் ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார். வேன் வேலையிலிருந்து எடுத்து, அவளைக் கழிவறை கழுவப் போட்டார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். குழந்தைகள் வேறொருத்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பாஸ்டரம்மாவிடம் போய், நான் செய்தது தப்பு என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிசாசு உங்க வாய உபயோகப்படுத்திட்டான் சிஸ்டர். அவன் தந்திரம் அது. உங்க மேல ஒண்ணும் இல்ல." கையில் அந்த எண்ணெய் வாசனை இருந்தது. அரை நாள் அந்த வார்த்தையைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். யாரோ வியர்த்துவிட்டுப் போட்ட போர்வை போல அது சூடாக இருந்தது, நாறியது. பிசாசு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறான் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மாடியில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாவற்றையும் நாங்களே செய்துகொண்டோம்.

மறுநாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. வாயில் அந்த வாடை இருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றேன். பிசாசு, தந்திரம் எதையும் சேர்க்கவில்லை. "நாப்பத்தொரு நாள சொல்லல. அதையும் வேணும்னேதான் விட்டேன்."

அவள் நிலையில் சாய்ந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சொல்றப்ப உனக்கு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "இருந்துச்சு" என்றேன்.

"எனக்கும் அப்டிதான் இருக்கும். மொத மடக்கு." புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்பறம் நாறும்" என்றாள்.

"ஆமா."

"வெள்ளிக்கெழம போவியா?"

"தெரியல."

"போ. போயி வாய மூடிக்கினு உக்காரு. வாய் அரிச்சா கீழ எறங்கி வந்து எனக்குப் போன் பண்ணு. கக்கூஸ் கழுவிக்கினு இருப்பேன். ஆனா எடுப்பேன்." கதவைச் சாத்திவிட்டாள்.

போனேன். என் முறை வந்தபோது "உடம்பு சுகத்துக்காக" என்றேன். பிறகு இன்னொருவர் "ஒரு சகோதரிக்காக" என்று தொடங்கினார். வட்டம் முழுவதும் முன்னால் சாய்ந்தது. என் முதுகும் தானாகச் சாய்ந்தது, வாயில் எச்சில் ஊறியது. இவ்வளவு நடந்த பிறகும். எழுந்து படியிறங்கி, மில் வாசலில் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அவளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஆசை அடங்கும்வரை நின்றேன்.

சுவரில் இருந்த கோடுகளை எல்லாம் ஈரத் துணியால் துடைத்தேன். மறுவாரம் ஒருநாள் ஆறு மணிக்குப் போன் அடித்தது. வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை. பூண்டுத் தோல் சரசரப்பது கேட்டது. நான் ஊசியைக் கையில் எடுத்தேன். அரை மணிக்கு மேல் ஆனது.

"போச்சு" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

சாக்பீஸை எடுத்து ஒரு கோடு போட்டேன்.