லவுஞ்சில் ஒரு கல்லா

விமானத்தில் ஏற அப்துல் ஹலீம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கடையும் கூட வர வேண்டும்.

சாப்பாட்டுக் கடை அது, நெடுஞ்சாலையோரத்து ஆயர் ஈத்தாமில் இருந்தது. பூந்தொட்டிகளும் பீங்கான் யானைகளும் விற்கும் வரிசைக்குப் பக்கத்தில். பேருந்துகள் வந்து நிற்கும். ஆட்கள் இறங்கி, சாப்பிட்டு, கழிவறை எங்கே என்று கேட்டு, மறுபடி ஏறிப் போவார்கள். மகள் ருமானா ஆசிரியை வேலைக்காகக் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குப் போனவள், அங்கேயே குடித்தனமாகிவிட்டாள். அவளுக்குத் தலைப்பிள்ளை பிறக்கப் போகிறது. போகாமல் இருக்க முடியாது. கடையை விட்டுப் போகவும் முடியாது.

மகன் ஷாஹித் சிங்கப்பூரில் கணினி வலையமைப்பு வேலை பார்ப்பவன். கடையில் நான்கு கேமராக்கள் மாட்டினான். கல்லா, ரொட்டிக் கல், தேநீர் கலக்கும் இடம், சமையல்கட்டு. கல்லாவுக்கு மேலே இருந்த கேமராவில் ஒலிபெருக்கியும் மைக்கும் உண்டு. கைப்பேசியில் பேசினால் கடையில் கேட்கும். கடையில் பேசினால் கைப்பேசியில் கேட்கும். தன் வங்கி அட்டைக்குத் துணை அட்டை ஒன்றும் எடுத்துக் கொடுத்தான். அதைக் காட்டினால் விமான நிலையத்து லவுஞ்சுக்குள் விடுவார்கள். சாய்வு நாற்காலி, வைஃபை, வேண்டிய மட்டும் சாப்பாடு.

"இப்ப எல்லாரும் இப்படித்தான் வேல செய்றாங்க அத்தா. லவுஞ்சுல உட்கார்ந்துகிட்டு."

"உட்கார்ந்தா?" என்றார் ஹலீம். மற்றதெல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது.

மஜீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமானதிலிருந்து புருஷன் உட்கார்ந்து சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி, ஒரு கண் வாசலிலும் ஒரு கண் ரொட்டிக் கல்லிலுமாக, நாலு வாய். வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நின்று இரண்டு வாய். பெருநாளன்றுகூட எல்லாருக்கும் பிரியாணி பரிமாறிவிட்டு, சட்டியோரத்தில் நின்று வழித்துச் சாப்பிடுவார். எதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவள் அலுத்திருந்தாள். லவுஞ்சில் கல்லா கிடையாது. அதை நம்பித்தான் பெட்டியைக் கட்டினாள்.

செனாய் விமான நிலையத்தில் தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும் முட்டையுமாக இரண்டு தட்டு நாசி லெமாக் எடுத்து, ஜன்னலோரமாக இடம் பிடித்தாள். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை.

பக்கத்து மேசையில் யாரோ சாப்பிட்டு எழுந்து போயிருந்தார்கள். ஹலீமின் முழங்கையில் நான்கு தட்டுகள் ஏறியிருந்தன. விரலிடுக்கில் மூன்று கிளாஸ். இன்னொரு கை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. லவுஞ்சில் வேலை செய்யும் மலாய்ப் பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "பாக்சிக், டுடோக் லா, டுடோக்!"

"அந்தப் பொண்ணே உட்காரச் சொல்லுது," என்றாள் மஜீதா.

அதற்குள் கோட்டுப் போட்ட ஒருவர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் கை காட்டி, இழுத்த தேநீர் ஒன்று கேட்டார். "பாஸ், தே தாரிக் சாத்து!"

"சீனி கொறச்சா?" என்று ஹலீம் மலாயில் கேட்டது பழக்க தோஷம். இயந்திரத்திலிருந்து தேநீரைப் பிடித்து, இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி இழுத்து, நுரையோடு கொண்டுபோய் வைத்தார். அந்த மனிதர் ஒரு வாய் குடித்துவிட்டு, இந்த லவுஞ்ச் இப்போதுதான் திருந்தியிருக்கிறது என்றார்.

பிறகு கைப்பேசி.

"வேலு! ரொட்டி கருகுது, திருப்புடா!"

லவுஞ்சே திரும்பிப் பார்த்தது. ஆயர் ஈத்தாமில் ஒலிபெருக்கிக்கு நேர்கீழே மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனக் கிழவி கரண்டியைப் போட்டுவிட்டு மேலே பார்த்தாள்.

"அது கருகல முதலாளி, செவக்குது," என்றான் ரொட்டி போடும் வேலு. "நீங்க இன்னும் ஏறலையா?"

"பிளேன் லேட்டு."

"அலமாக்!" என்றான் வேலு. அவன் வருத்தம் உண்மையானது.

நாசி லெமாக் ஆறிப்போயிற்று. மஜீதா தனியாகச் சாப்பிட்டாள்.

பேத்தி பிறந்தாள். போய் வருவது வழக்கமாயிற்று. எந்த லவுஞ்சுக்குப் போனாலும் ஹலீமுக்கு அதே வேலைதான். நின்றுகொண்டே கடை நடத்துவார். நின்றுகொண்டே மேசை துடைப்பார். சில இடங்களில் பணிப்பெண்கள் அவரைப் பார்த்ததும் துணியை ஒளித்துவைத்தார்கள்.

ஒரு நாள் செனாயில் மஜீதா தொழுகை அறைப் பக்கம் ஒதுங்கி மகனை அழைத்தாள்.

"ஷாஹித், கேமராவ கட் பண்ணு."

"எந்தக் கேமராம்மா?"

"எல்லாத்தையும்."

"அத்தா கத்துவாரே."

"கத்தட்டும். கத்தி முடிச்சா பசிக்கும். எனக்கு ஒரு வேள சோறுடா, அவ்வளவுதான்."

ஷாஹித் துண்டித்தான். ஹலீமின் கைப்பேசியில் திரை கறுத்தது.

ஹலீம் கைப்பேசியை உதறினார். கூரையை நோக்கித் தூக்கிப் பிடித்தார். ஜன்னலுக்குப் போனார். "வைஃபை செத்துப்போச்சா?" என்று பணிப்பெண்ணிடம் மலாயில் கேட்டார். சாகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். வேலுவுக்குப் போன் போட்டார். பேருந்து வரும் நேரம், அவன் எடுக்கவில்லை. துடைக்க ஒரு மேசைகூட மிச்சமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றார்.

மஜீதா எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினாள். "சோறு ஆறுது."

முதலில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு முழுதாக. பிசைந்தார். "சம்பலாம் சம்பல். நம்ம கடைப் பக்கம் நிக்குமா இது?" என்றார். முட்டையைப் பிட்டு, மஞ்சள் கருவை மட்டும் எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"ஒனக்குத்தான் இது பிடிக்குமே."

மஜீதாவின் கை நின்றது. "யார் சொன்னா?"

"கல்லாவுல நின்னா எல்லாம் தெரியும்."

அவள் குனிந்து மஞ்சள் கருவைச் சாப்பிட்டாள். அவர் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். விரலைச் சூப்பினார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஷாஹித்துக்குப் போன் போடு. சாப்ட்டாச்சு, தொறந்து விடலாம்னு சொல்லு."

அதற்குப் பிறகு மகனைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கவில்லை. லவுஞ்சில் தட்டு வந்ததும், "வைஃபை போயிடுச்சு போல," என்பார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியை இழுப்பார். ஊர் திரும்பினால் பழையபடி நின்றுகொண்டுதான். லவுஞ்சுக்கு மட்டும் அந்தச் சலுகை.

சென்ற ஆண்டு ஹலீம் இறந்துபோனார். கடையில்தான். நின்றுகொண்டிருந்தபோதுதான்.

மஜீதா இப்போது தனியாகச் சபாவுக்குப் போய் வருகிறாள். கடை அவள் கைப்பேசியில் இருக்கிறது. செனாய் லவுஞ்சில் தட்டை வைத்துக்கொண்டு, சாப்பிடும் முன் கைப்பேசியை எடுத்து அழுத்துகிறாள்.

"வேலு, சாப்ட்டியா?"

லவுஞ்ச் திரும்பிப் பார்க்கிறது. ஆயர் ஈத்தாமில் சாப்பிடுகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"இந்தா, நின்னுகிட்டே ரெண்டு வாய்..."

"ஒக்காந்து சாப்பிடு."

"ஆளு நிக்குதும்மா!"

"நிக்கட்டும்."

அங்கே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றில் கை வைக்கிறாள்.