பதினோரு நாள் செபம்

இன்று காலை குளிக்கப் போய், புது எலுமிச்சை சோப்பு ஒன்றைப் பிரித்தேன். உறையைக் கிழித்ததும் வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். நிற்கும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. காலை செபம் சொன்னேனா, இல்லையா? கேஸை மூடினோமா என்று பாதித் தெருவில் நின்று யோசிப்போமே, அந்த மாதிரி. வாய் ஏதோ முணுமுணுத்தது ஞாபகம் இருக்கிறது. என்ன முணுமுணுத்தது என்றுதான் தெரியவில்லை.

எலுமிச்சைக்கு வருகிறேன். சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் ஒன்பது வருஷம் பேக்கிங்கில் இருந்தேன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்த வாசனை கையை விட்டுப் போகாது. சோறு பிசைந்தாலும் எலுமிச்சை, தலை வாரினாலும் எலுமிச்சை. கோயிலில் நற்கருணை வாங்கக் கை நீட்டும்போது ஃபாதர் மூக்கைச் சுளிக்கிறாரோ என்று எனக்கு எப்போதும் ஒரு கூச்சம்.

காலையில் முத்தியால்பேட்டையில் கம்பெனி வேன் எங்களை ஏற்றிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஏறினதும் ஜெபமாலை, பத்துப் பத்து மரியே செபமாக மொத்தம் ஐந்து பத்து. சொல்ல வைப்பவள் நான். தட்டாஞ்சாவடி வந்தால் மூன்றாவது பத்து முடிந்திருக்க வேண்டும், கம்பெனி கேட் தெரியும்போது கடைசி சிலுவை. இதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என்றைக்காவது ஒரு பத்து பாக்கி நின்றால் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்பார், "அக்கா, கேட்டு வந்துடுச்சு. இன்னொரு ரவுண்டு அடிக்கவா?"

எங்களோடு வந்த செல்வி, ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பெண். கேட்டுக் கேட்டே அவளுக்கு 'அருள் நிறைந்த மரியே' முழுக்க மனப்பாடம். "யக்கா, ஒம்போதுதான் ஆச்சு" என்று எண்ணிக்கையில் என்னைத் திருத்துவாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பக்கத்து சீட் அற்புதத்துக்கு. என் வயசுதான், என் தெருதான், வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே வாரத்தில். எல்லாரும் சொல்லி முடித்த பிறகும் அவள் பாதி வரியில் இருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏண்டி இப்டி இழுக்கிற?"

"நீ ஓடு. நான் நடந்து வர்றேன்."

தெருவில் அன்பியக் கூட்டம் என்று வாரம் ஒரு வீட்டில் கூடி செபிப்போம். அதிலும் நான்தான். பிள்ளை பிறந்தாலும் கூப்பிடுவார்கள், சாவு விழுந்தாலும் கூப்பிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செபம், எல்லாம் என் நாக்கு நுனியில். சாவி கொடுத்தால் போதும், ஓடுவேன். வாய் ஓடிக்கொண்டிருக்கும்போது மனசு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. மனசு பெரும்பாலும் எதிரில் இருப்பவளின் புதுப் புடவையில் இருந்தது.

ஒரு நவம்பரில் அற்புதத்துக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றார்கள். நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களின் மாசம். கல்லறைத் தோட்டத்திலும் வீடுகளிலும் ஒவ்வொரு பத்துக்கும் பிறகு, செத்துப்போனவர்களின் ஆன்மாவுக்காக 'நித்திய இளைப்பாற்றி' செபம் சொல்வோம். அந்த மாசம் அதை எத்தனை தடவை சொன்னேனோ, கணக்கே இல்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் நாலைந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அற்புதத்தின் வீட்டுக்காரர் ஃபிளாஸ்கோடு கட்டில் ஓரமாக நின்றிருந்தார். "நீங்க செபம் பண்ணுங்க" என்றார். கண்ணை மூடினேன், வாய் கிளம்பியது. முதல் செபம், இரண்டாவது செபம், அப்புறம் ஒரு தடங்கலும் இல்லாமல், அற்புதத்தின் பெயரையும் சேர்த்து, அவள் ஆன்மா நித்தியத்துக்கும் இளைப்பாற வேண்டும் என்று சொல்லி முடித்தேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தேன். வீட்டுக்காரர் ஃபிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அற்புதம்தான் பேசினாள். "இன்னாடி, அதுக்குள்ள அனுப்பி வெக்கிற? ரிப்போர்ட்டாவது வரட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தையல் இழுத்து வலித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"மனப்பாடத்த வுடு. எனக்குப் பயமா இருக்கு. அத மட்டும் ஆண்டவருகிட்ட சொல்லு."

ஆயிரம் செபம் தெரிந்தவளுக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில், "ஆண்டவரே, இவ பயப்படறா. நானும் பயப்படறேன்" என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அதன் பிறகு பதினோரு நாள். அந்த நாட்களில் நான் சொன்னதை செபம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பேக்கிங் மேசையில், பாத்திரம் கழுவும்போது, தெருக்குழாயில் குடத்தோடு நிற்கும்போது, ஆண்டவரிடம் கெஞ்சினேன், சண்டை போட்டேன், திட்டக்கூடத் திட்டினேன். எதிரில் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. வேனில் இரண்டாவது பத்திலேயே எண்ணிக்கையை விட்டுவிடுவேன். ஒரு நாள் செல்விதான் எடுத்துச் சொல்லி முடித்தாள்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அற்புதத்தின் வீட்டுக்காரர் போன் பண்ணினார். "ஒண்ணும் இல்லயாம். சாதாரண கட்டிதானாம்." டிபன் பாக்ஸை மூடக்கூடத் தோன்றாமல் எழுந்து எல்லாரையும் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் பொய் இல்லை. அடுத்த திங்கட்கிழமை வேனில், கேட்டுக்கு ரொம்ப முன்னாலேயே ஜெபமாலை முடிந்துவிட்டது. "அக்கா பழைய ஃபார்முக்கு வந்துட்டாங்க" என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏதோ காலியானது தெரிந்தது.

இப்போது அந்த வேன் இல்லை. கம்பெனி கை மாறிவிட்டது. செல்வி கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அற்புதம் பிரான்ஸில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, குளிரையும் மருமகனையும் குறை சொல்கிறாள். கல்லு மாதிரி இருக்கிறாள், கடவுளுக்கு நன்றி. பாருங்கள், இந்த 'கடவுளுக்கு நன்றி'யைக்கூட வாய்தான் சொன்னது.

நான் சும்மா இருக்கவில்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். போனை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். விடியற்காலையில் கடற்கரைக்குப் போயும் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் உடம்பு நெளிகிறது, மனசு மாவு அரைக்கப் போய்விடுகிறது. அந்தப் பதினோரு நாளை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று பல நாள் நாக்கு நுனி வரை வரும். ஆனால் அதைக் கேட்டால் அற்புதத்தின் வயிற்றுக் கட்டியையும் சேர்த்துக் கேட்டதாக ஆகிவிடாதா? எதையும் கூசாமல் கேட்டுப் பழகிய வாய் இது. இதை மட்டும் கேட்க முடியாமல் மூடிக்கொள்கிறது.