மூன்று மூச்சு நேரம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினேழு வருஷமாக லென்ஸ் தீட்டுபவள் அவள். சட்டத்தின் அளவுக்கு, மயிரிழை கூடாமல் குறையாமல், சுழலும் சக்கரத்தில் பிடித்து ஓரம் எடுக்க வேண்டும். அந்தக் கை நடுங்க ஆரம்பித்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஒரே வாரத்தில் மூன்று லென்ஸ்கள் ஓரம் சிதறிப்போயின.

காரணம் வீட்டில் இருந்தது. அம்மா போன பிறகு அவளும் தம்பியும்தான். கல்லூரியில் படிக்கும்போது மனசு கலங்கிப்போனவன் அவன், இப்போது முப்பத்தைந்து. மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் தங்கமான பிள்ளை. பாத்திரம் கழுவுவான், வானொலியோடு சேர்ந்து பாடுவான், தெருப் பூனைகளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பான். மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிட்டானென்றால் சில நாளில் சந்தேகம் வந்துவிடும். யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள், அக்காவும் அதற்கு உடந்தை. அப்புறம் கையில் கிடைத்ததை எடுத்து அடி. அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள்.

கடையில் கண் பரிசோதிக்கிறவள் ஒருநாள் அந்தச் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளா இது?"

"அவன் வேணும்னு செய்யலை."

"வேணும்னு செஞ்சாலும் தெரியாம செஞ்சாலும் எலும்பு உன்னோடதுதானே? அச்சகத்து மாடியில குங்ஃபூ சொல்லித் தராங்க. என் நாத்தனார் போறா. நீயும் போ."

"இந்த வயசுல நான் குங்ஃபூவா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ சிரிச்சு நான் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு."

போனாள். சொல்லிக்கொடுத்தவர் பகலில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், அவளைவிட ஒன்பது வயது சின்னவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவருக்கு அவள் அக்கா. முதல் ஒரு மாதம் அடியும் இல்லை, உதையும் இல்லை. கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்தமாதிரி நிற்க வேண்டும். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது தரை அதிரும். அதைவிட அதிகமாக அவள் தொடை அதிரும்.

"மாஸ்டர், இது சண்டை கத்துக்கிறதா, பஸ்ஸுக்கு நிக்கிறதா?"

"பஸ் வரவே வராதுன்னு நினைச்சுக்கிட்டு நில்லுங்கக்கா. மூச்சை மட்டும் அடி வயித்துக்கு அனுப்புங்க."

மூன்றாம் மாதத்தில் முதுகுவலி எங்கே போனதென்று தெரியவில்லை. படுத்தால் தூக்கம் வந்தது. மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. சக்கரத்தின் முன் உட்கார்ந்தால் கை கல்லுமாதிரி நின்றது. ஆனால் அவளுக்கு உள்ளபடியே வேண்டியிருந்தது வேறு. அடிக்க வருகிறவனின் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திருகி, தோளை அழுத்தி மண்டியிட வைக்கும் பிடி. அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினாள். எதற்கென்று மாஸ்டர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி ஜன்னல்திரைக் கம்பியைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"டீயில என்ன கலந்தே?"

"ஒண்ணும் கலக்கலைடா. கம்பியைக் கீழே வை."

ஓங்கினான். அவள் கால் தானாக அகன்றது. ஒதுங்கி, மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். கம்பி தரையில் உருண்டது. அவன் மண்டியிட்டு விழுந்தான். "அக்கா, விடு," என்றான். அது பழைய குரல், பூனைக்குப் பேர் வைக்கிற குரல். சந்தேகமெல்லாம் அதில் எங்கேயும் இல்லை. அந்த வித்தியாசம் அவளுக்குக் கேட்டது. ஆனாலும் விடவில்லை. மூன்று மூச்சு நேரம் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வாங்கிய அடி ஒவ்வொன்றும் அந்த அழுத்தத்தில் இருந்தது. அது அவளுக்கு நன்றாகக்கூட இருந்தது. தோளில் "மடக்" என்று சத்தம் வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

மருத்துவமனையில் நழுவிய தோளைச் சரிசெய்து, கையைக் கழுத்தோடு தாங்கும் துணித் தொட்டில் கட்டினார்கள். "எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் செஞ்சேன்," என்றாள். பல வருஷத்துக் கதை மொத்தமும் அங்கேயே டாக்டர் முன்னால் வெளியே வந்தது. அதன் பலனாக மனநல மருத்துவர் வந்து பார்த்தார். தினசரி மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி என்று ஏற்பாடானது.

அடுத்த வகுப்பில் மாஸ்டரிடமும் சொன்னாள்.

"எதுக்குக் கத்துக்கிறீங்கன்னு நான் கேட்டிருக்கணும்," என்றார்.

"கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்."

"கொஞ்ச நாள் பிடி வேண்டாம்க்கா. வந்து நில்லுங்க, போதும்."

ஊசி வேலை செய்தது. தம்பி மறுபடி பாத்திரம் கழுவினான், ஒற்றைக் கையால். ஆனால் பாடவில்லை. உப்பை எடுக்க அவள் கை நீட்டினால் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவன் அடித்த காலத்தில் அவள் ஒருநாளும் அப்படித் தனிமையாக உணர்ந்ததில்லை.

தொட்டில் அவிழ்த்த பிறகு கையைத் தினமும் பிடித்து மெல்ல உயர்த்திப் பழக்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா தொடக் கூடாது என்றுவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து செய்துவிட்டுப் போவார். ஒரு காலை அவர் வரவில்லை. தம்பி தானாகவே நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"சொன்னா விட்டுடுவியா?"

"விட்டுடுறேன்."

கையை நீட்டினான். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு விரல் வைத்தாள்.

"விடு."

விட்டாள்.

"பிடி." பிடித்தாள். "விடு." விட்டாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மறுபடி மறுபடி சொன்னான். கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கை ஒரு அங்குலம்கூட உயரவில்லை.