மட்டிக்குக் கொஞ்சம் வெயில்

வெள்ளைத்துரை அத்தானுக்கு வெயிலைக் கண்டாலே ஆகாது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துவிடாதீர்கள். உச்சி வெயிலில் செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பார். ஆனால் துணிமேல் வெயில் படக்கூடாது. என் அக்கா பேச்சியம்மாளைக் கட்டிக்கொண்டு, சாத்தான்குளத்திலிருந்து மதராஸுக்கு வந்து, தி. நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜவுளிக்கடை போட்டவர் அவர். கீழே கடை, மாடியில் வீடு. நானும் அந்தக் கடையில்தான் வேலை பார்த்தேன். காலையில் கடை திறந்ததும் அவருக்கு முதல் வேலை, வாசல் படுதாவை இறக்குவது. கண்ணாடி வழியாக ஒரு விரற்கடை வெயில் உள்ளே வந்துவிட்டால் போதும்.

"ஏல நல்லசிவம், அந்த மயில்கழுத்துச் சேலைய உள்ள தள்ளு. சாயம் போயிரும்லே!" என்று என்மேல் பாய்வார்.

சும்மா சொல்லக்கூடாது, அதில் நியாயம் உண்டு. வெயில் பட்ட சேலையில் மேல்மடிப்பு மட்டும் வெளுத்திருக்கும். பிரித்தால் உள்ளே புத்தம் புதுசு. அதை எந்த மகராசி வாங்குவாள்?

அத்தானுக்கு ஒரே தம்பி, ஜவஹர். தாய் தகப்பன் போனபிறகு அத்தான்தான் தூக்கி வளர்த்தார். கடையில் உட்காரச் சொன்னார். அவனுக்குத் துணிவாடை பிடிக்கவில்லை, கடல்தான் பிடித்தது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அந்தமான் கப்பலில் ஏறிவிட்டான். அப்புறம் வருஷக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அத்தான் அவனைத் திட்டவும் இல்லை, தேடவும் இல்லை. ஆனால் துறைமுகத்துக்கு அந்தமான் கப்பல் வருகிற அன்றைக்கு மட்டும் பாரிமுனைக்குக் கிளம்பிவிடுவார். மொத்த வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்பார். எந்த வியாபாரி என்று அக்கா கேட்டதே இல்லை.

எழுபத்தாறாம் வருஷம் தை மாசம் ஜவஹர் தானாகவே வந்து நின்றான். கறுத்து, இளைத்து, தாடியோடு வந்தவன் கையில் ஒரு மண்ணெண்ணெய் டின். டின்னுக்குள் கடல்தண்ணீர், தண்ணீருக்குள் இரண்டு கை அகலத்துக்கு ஒரு சிப்பி. ஓடு கல்மாதிரி தடிப்பு. விளிம்பு அலை அலையாக இருந்தது.

"பெரிய மட்டிண்ணே. பவளப்பாறையில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். உசிரோட கொண்டாந்திருக்கேன். நல்லா வச்சுக்கிடுங்க, அடுத்த தடவை வந்து பாக்கேன்" என்றான்.

இரண்டு நாள் இருந்தான். அக்கா கையால் நன்றாகச் சாப்பிட்டான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "அங்கயும் இங்கயுமா இருப்பேன்" என்று சிரித்தான். மூன்றாம் நாள் காலையில் ஆள் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மட்டியை அன்றைக்கே குழம்பு வைத்திருப்பேன். அத்தான் விடவில்லை.

அவர் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். கண்ணாடித் தொட்டி வாங்கினார். காற்று ஊதுகிற மோட்டார் வாங்கினார். மாடி அறையில் கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் மேசை போட்டுத் தொட்டியை வைத்தார். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவர, சைக்கிள் ரிக்‌ஷா நாகராஜை ஏற்பாடு செய்தார். ஊரே குழாயடியில் குடத்தோடு நின்ற காலம் அது.

"இன்னா நைனா, அவனவன் குடிக்கத் தண்ணி இல்லாம அலஞ்சிக்கினு கீறான், நீ உப்புத்தண்ணிக்கு ரிக்‌ஷா வெச்சிக்கினு கீறியே!" என்று நாகராஜ் படியேறும்போதெல்லாம் சொல்லுவான்.

அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டாள். "ஒரு மட்டிக்கு இன்னொரு மட்டி காவல்."

ஆனால் பார்க்க அழகுதான், அதை நான் மறுக்கமாட்டேன். காலை வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டியில் விழுந்ததும் மட்டி மெல்ல வாய் திறக்கும். உள்ளிருந்து சதை மடிப்பு மடிப்பாக வெளியே வந்து ஓட்டின் விளிம்பில் படரும். பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம், நடுவில் பழுப்புப் புள்ளிகள். "இந்தக் கலரு காஞ்சிபுரத்துக்காரனுக்கு வருமால?" என்பார் அத்தான். மேலே கையை நீட்டி நிழல் விழச் செய்தால் சட்டென்று சுருக்கிக்கொண்டு மூடிவிடும். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டச் சொல்வார்.

இதெல்லாம் ஒரு மட்டிமேல் வந்த ஆசை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் தொட்டியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இதப் பாக்க வாரேன்னு சொல்லியிருக்காம்லே. என்னப் பாக்க வாரேன்னு சொல்லல."

அதற்கப்புறம் நான் அந்த மட்டியைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் தி. நகரில் எவனைப் பார்த்தாலும் மாடி எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்துக் கட்டடக்காரனும் சாரம் கட்டினான். ஆனி மாசத்துக்குள் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே செங்கல் சுவர் எழும்பிவிட்டது. காலை வெயில் அதோடு போயிற்று. உச்சிக்குச் சற்று முன்னால் மட்டும் சுவரைத் தாண்டி ஒரு கீற்று வெயில் வந்து தொட்டியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் கிடக்கும்.

ஆடித் தள்ளுபடி மும்முரத்தில் நாங்கள் யாரும் மாடிக்கு ஒழுங்காகப் போகவில்லை. ஒருநாள் அத்தான் மேலிருந்து கூப்பிட்டார். போனேன். மட்டி திறந்துதான் இருந்தது. ஆனால் நிறம் இறங்கியிருந்தது. நீலம் சாம்பலாகியிருந்தது, விளிம்பில் வெள்ளை தட்டியிருந்தது.

"சாயம் போவுதுல" என்றார்.

சாயம் போனால் ஜவுளிக்கடைக்காரன் என்ன செய்வான்? வெயிலை மறைப்பான். அந்த ஒரு கீற்றுதான் எதிரி என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. கடையில் இருந்த தடித்த காடாத் துணியை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டார். இன்னும் வெளுத்தது. மாடியிலேயே பட்டுச்சேலைக் கட்டுகள் வைத்திருக்கிற உள்ளறைக்கு, ஜன்னலே இல்லாத அந்த இருட்டறைக்கு, நானும் நாகராஜும் அவரும் சேர்ந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். பார்ப்பதற்கு மட்டும் ஒரு டியூப்லைட். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. பட்டுக்கே அதுதான் பத்திரமான இடம் என்றால், மட்டிக்கு என்ன குறைச்சல்?

புரட்டாசியில் கையை நீட்டினால் மெதுவாக மூடியது. அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடம் கேட்பது? மீன்தொட்டிக் கடைக்காரனுக்குப் பொன்மீனைத் தவிர எதுவும் தெரியாது. குப்பத்து மீனவர்களைக் கேட்டால், இவ்வளவு பெரிய மட்டியைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள். தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவன் எங்கே இருக்கிறான் என்பதுதான் தெரியாது.

தீபாவளிக்குச் சேலை எடுக்க மயிலாப்பூரிலிருந்து சீதா என்று ஒரு அம்மாள் வந்தார். சேலையை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்க்கவா என்று கேட்டார். "தாராளமாப் பாருங்கம்மா, டியூப்லைட்டுல நிறம் பொய் சொல்லும்" என்றார் அத்தான். பேச்சுவாக்கில் அந்த அம்மாள் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை என்று தெரிந்தது. அவ்வளவுதான், அத்தான் பில் போடாமலே மாடிக்குக் கூட்டிப்போய்விட்டார்.

சீதா அம்மாள் தொட்டியைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஐயையோ, இதைப் போய் இருட்டுல வெச்சுண்டிருக்கேளே!"

"வெயில் பட்டுச் சாயம் போவுதேன்னுதாம்மா..."

"வெயில் பட்டு இல்லே சார். வெயில் படாமதான் வெளுக்கறது. இதோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கா குடியிருக்கு. அது வெயில்ல சாப்பாடு பண்ணி இதுக்குக் குடுக்கும். வெளிச்சம் இல்லேன்னா பாசி போயிடும். இந்த நிறத்துல பாதி அந்தப் பாசிதான். இது பட்டினி கெடக்கு சார்."

அத்தான் பக்கத்தில் இருந்த பட்டுக்கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். சரக்கின் மேல் யாராவது கை ஊன்றினாலே கத்துகிற மனுஷன்.

"டியூப்லைட்டுக் கூட ரெண்டு போட்டா பொழைக்குமாம்மா?"

"ஆழமில்லாத கடல்ல மத்தியான வெயில்ல இருக்கற ஜீவன். எத்தனை விளக்கு போட்டா அதுக்கு ஈடாகும்னு எனக்குச் சொல்லத் தெரியலை. நான் புஸ்தகத்துல படிச்சதுதான். உயிரோட இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். பாவம், அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றினோம். மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. பதினோரு மணிக்குத் தொட்டித் தண்ணீர் குளிக்கிற வெந்நீர்போல ஆகிவிட்டது. கடலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் தண்ணீர் சுடாது, கண்ணாடிப் பெட்டியில் சுடும். இது யாருக்குத் தோன்றியது? அத்தான் தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டினார். வெயில் ஏறியதும் கீழே இறக்கினார், இறங்கியதும் மேலே ஏற்றினார். கீழே தீபாவளிக் கூட்டம் கடையை நெருக்கிக்கொண்டிருக்கும். அளந்த துணியை அப்படியே போட்டுவிட்டு முதலாளி மாடிக்கு ஓடுவார். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். வெள்ளையடித்த தகரத்தை வளைத்து அதற்குள் டியூப்லைட்டுகளை வரிசையாக மாட்டினார். ஒன்று எரிந்தால் ஒன்று மினுக்கும். எல்லாம் எரிகிற நேரத்தில் கரண்ட் போய்விடும். அந்த வருஷத்துக் கரண்ட் லட்சணம் அப்படி.

இருந்தும் தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் விளிம்பில் லேசாகப் பழுப்பு தெரிந்த மாதிரி இருந்தது. "தெரியுதால? தெரியுதால?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிகிறது என்று சொன்னேன். எனக்கும் தெரியத்தான் செய்தது.

பிறகு கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையை மதராஸில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அடையாற்றில் வெள்ளம் வந்து ஜனங்கள் தவித்தார்கள். எங்கள் சந்திலும் முழங்கால் தண்ணீர். பகலிலேயே கருக்கலாக இருந்தது. கரண்ட் அடியோடு இல்லை. காற்று மோட்டாரும் நின்றது. அத்தான் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். கை ஓய்ந்தால் நான் ஊற்றினேன், என் கை ஓய்ந்தால் அக்கா ஊற்றினாள். வேறு எதுவும் செய்ய முடியவில்லை. நடுவில் எழுந்து வாசலில் போய் நிற்பார், வானத்தைப் பார்ப்பார். வாழ்நாளெல்லாம் படுதா போட்டு விரட்டிய மனுஷன், "கொஞ்சம் அடிச்சா என்ன கெட்டுப்போச்சு உனக்கு?" என்று மழைக்குள் நின்று வெயிலைக் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மட்டியின் வாய் அகலத் திறந்திருந்தது. கையை நீட்டினாலும் மூடவில்லை, விரலால் தொட்டாலும் மூடவில்லை. முதலில் வாடையை உணர்ந்தது அக்காதான். அவள் சொல்லவில்லை. அத்தானே குவளையைக் கீழே வைக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் வைக்க வெகுநேரம் ஆயிற்று.

மார்கழியில் ஜவஹர் வந்தான். நேராக மாடியேறிப்போய், தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்தான்.

"செத்துப்போச்சாண்ணே?"

"நாந்தாம்ல கொன்னேன். சாயம் போயிரும்னு இருட்டுக்குள்ள வச்சுட்டேன்."

"அதுக்கு வெயில்தானேண்ணே உசுரு! அங்க சின்னப்பிள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

அத்தான் குரல் உயர்த்தி அவனிடம் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"எங்க வந்துல கேக்க? எந்தத் தீவுல வந்து நின்னு உன் பேரச் சொல்லிக் கேக்க? சொல்லு!"

ஜவஹர் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா இலை போட்டாள். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இந்தத் தடவை சொல்லிக்கொண்டு கிளம்பினான். அந்த அளவுக்காவது அவன் தேறியிருந்தான். அத்தானும் நானும் துறைமுகம் வரை போனோம். கப்பல் ஏறுகிற வரிசையில் நின்றுகொண்டு திரும்பினான்.

"அடுத்த தடவை வேற ஒண்ணு கொண்டாரேண்ணே. இதவிட நல்ல கலரா."

"ஒண்ணும் வேண்டாம்ல" என்றார் அத்தான். "வெறுங்கையோட வா. நீ வந்தாப் போதும்."

"சரிண்ணே" என்றான். எப்போது என்று அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், ஏன் கேட்கவில்லை என்று நான் சண்டை பிடித்தேன். கேட்டு, தெரியாது என்று அவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயமாக இருந்ததாம்.